மூன்றாவது கூப்பாடு

மாமன் என்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டான். கோர்ட்டில் அத்தனை பேர் மாற்றி மாற்றிக் கேட்டும் வாயைத் திறக்காதவன், ஒரு நல்ல மனுஷி ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டதும் சொல்லிவிட்டான். சிறையின் நல அலுவலர் பிரமிளா மேடம் கேட்டது தப்பான கேள்வியும் இல்லை. வெளிதேசத்துச் சிறைகளில் அந்தந்த மண்ணின் பூர்வகுடி வைத்தியர்களையே உள்ளே கூட்டிவந்து கைதிகளுக்குப் பார்க்கிறார்களாம், அதை இங்கேயும் செய்து பார்க்கலாம் என்று மேலே எழுதிப் போட்டு, அலையாய் அலைந்து, அனுமதியும் வாங்கிவிட்டாள். "உங்க மலையில பயம் புடிச்சவங்களுக்கு யார் பார்ப்பாங்க ரேசன்?" என்றாள். "சடையன்னு ஒருத்தர் இருக்காருங்க." "உங்களுக்கு என்ன வேணும் அவர்?" "மாமனுங்க." "சொந்த மாமாவா?" "ஆமாங்க." மேடம் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து போனாள். அவளுக்கு என்ன தெரியும்? அவன் சனத்தில் ஒரே குலத்து ஆம்பிளைகள் எல்லாம் அண்ணன் தம்பி, பெண் கொடுத்து எடுக்கிற குலத்தில் மூத்தவர்கள் எல்லாம் மாமன், ஒத்த வயசுக்காரர்கள் எல்லாம் மச்சான். அந்தக் கணக்கில் பதியில், அதாவது அவன் மலை ஊரில், பாதிப்பேர் அவனுக்குச் சொந்த மாமன்தான். பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாமலே இப்படி மாட்டிக்கொள்ள முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த மாமனின் மகன் நஞ்சனைக் கொன்ற கேஸில்தான் ரேசன் உள்ளே இருக்கிறான். நஞ்சன் வேறு யாருமில்லை, தங்கச்சி மருதியின் புருஷன். இன்று காலை அந்தக் கிழவர் வருகிறார். மகனைக் கொன்றவனுக்கு வைத்தியம் பார்க்க, அவனே சொல்லி அனுப்பி, சர்க்கார் ஜீப்பில் வருகிறார்.

தையல் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஹாலில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ரேசனும் மாதனும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மாதன் வேறு மலைக்காரன், கஞ்சா கேஸ், வாய் ஓயாத ஆள். "உன்ற மாமன் சூரனாமே? தொட்டா தூக்கம் வருமாமே?" என்றான். ரேசன் ம் என்றான். மாதன் அதோடு விடுகிற ஜாதி இல்லை. "யோகா வாத்தியார் வந்தப்ப கண்ணை மூடுன்னாரு. மலையில எவனாச்சும் நாலு பேரு சுத்தி நிக்கறப்ப கண்ணை மூடுவானா? இவராச்சும் நம்மாளு." நம்மாளு. அதுதானே பயமே. வேற்றாளாக இருந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஏமாற்றிவிடலாம். ரேசன் தன் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டான். அந்தக் கைதான் நோய். ராத்திரி தூங்கும்போது அது தானாக மூடிக்கொள்கிறது, காலையில் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் திறக்கவேண்டியிருக்கிறது. வெள்ளாட்டின் காலைப் பிடித்த மாதிரி அப்படியொரு பிடி. ஆஸ்பத்திரி டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்து, நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். எல்லாம் நன்றாக இருந்தால் ஏன் மூடிக்கொள்கிறது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது, கையும் மூடிக்கொண்டது. வார்டர்களுக்கு அது ஒரு வேடிக்கை. பேர் ரேசன் என்பதால் அவனுக்கு ஏற்கெனவே ரேஷன் கடை என்று பட்டம் உண்டு. இப்போது, ரேஷன் கடை மூடியிருக்குடா, சாயங்காலந்தான் திறக்கும் என்பார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்கும்போதே, அந்தப் பேரையாவது கூப்பிடுகிறார்களே என்று ஒரு நன்றி வரும். பதியில் அவன் பேரை இறக்கி வைத்துவிட்டார்கள். செத்தவர்கள் பேரைக்கூடச் சாமி கும்பிடும்போது ஒருதரம் சொல்லலாம், இறக்கி வைத்த பேரை எப்போதும் சொல்லக் கூடாது. அவனைச் சொல்லவேண்டி வந்தால், அந்த ஆளு என்பார்கள். தங்கச்சி பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்லி வளர்ந்திருக்கும். மருதி ஒருதரமும் மனு போட்டுப் பார்க்க வந்ததில்லை.

சொல்லிவிடலாம். இன்னும் நேரமிருக்கிறது. மேடம் கேட்டுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டுதான் இருக்கிறாள், ஏனுங் மேடம் ஒரு நிமிசம் என்றால் நிற்பாள். அவர் என் மாமன்தானுங்க, ஆனா செத்துப்போனவனோட அய்யனுங்க. அவ்வளவுதானே. அதைச் சொன்னால் மேடத்தின் முகம் என்ன ஆகும்? செத்தவன் வீட்டாரைக் கைதியோடு உட்காரவைத்தது தெரிந்தால் மேலே இருப்பவர்கள் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள், மாதனுக்கும் வைத்தியம் கிடையாது, இனி எந்த மலைக்காரனுக்கும் கிடையாது. அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று ரேசன் தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்ட சுருக்கிலேயே அது பொய் என்று பட்டது. சொன்னால் கிழவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் வரவேண்டும். வரக் கூடாது. வந்து எழுந்து போய்விட்டால் நல்லது. எழுந்து போய்விட்டால் அதற்கப்புறம் என்ன இருக்கிறது? அவர் நிலைமையும் இக்கட்டுதான். நோயாளி ஆள் விட்டுக் கூப்பிட்டால் வைத்தியக்காரன் போயாகவேண்டும், மாட்டேன் என்றால் அப்புறம் அவன் கைக்கு மருந்து கட்டுப்படாது. அந்தக் கட்டுப்பாட்டை வைத்துத்தான் அவரை இழுத்திருக்கிறேனா? மகனையும் வாங்கிக்கொண்டு, மருந்துக் கையையும் அடகு கேட்கிறேனா? சே, நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. வாயில் வந்தது, கையில் போனது. எல்லாமே அவனைக் கேட்காமல் நடந்த மாதிரிதான் எப்போதும் இருக்கிறது.

போலீஸிலும் அப்படித்தான். என்னடா பண்ணினே என்றார்கள். விட்டுட்டேனுங்க என்றான். விட்டுப்போச்சுங்க என்று சொல்லியிருந்தால் கயிறு கை தவறிய கதையாகியிருக்கும். விட்டுட்டேன் என்றதும் வேண்டுமென்றே விட்டதாகிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். ஏன் சொன்னான்? படபடப்பில் வாய் குழறியதா, இல்லை அதுதான் சரியான வார்த்தையா? இங்கேதான் அவன் நினைப்பு தினமும் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். செக்குமாடு மாதிரி சுற்றிவந்து அதே இடம். பாறை, மரம், கயிறு. தேன் எடுக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் கூடப்பிறந்தவன் பிடிக்கக் கூடாது, பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் பிடிக்கவேண்டும். கூடப்பிறந்தவனுக்கு மனசில் எது வேண்டுமானாலும் புகுந்துவிடும், எந்த அண்ணனும் தன் தங்கச்சியை முண்டச்சியாக்க மாட்டான், அதனால். மாட்டான் என்று எத்தனை காலமாக நம்பிக்கொண்டிருந்தார்களோ, அதை ரேசன் வந்து இல்லையென்று ஆக்கினான். முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் நஞ்சன், ஆட்கள் எல்லாம் இருக்க, இவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "பாருங்கப்பா, டம்ளரே ஆடுது. இந்தக் கையை நம்பித்தான் நாளைக்கு எறங்கோணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நஞ்சன் எப்போதுமே அப்படி, மச்சானைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்கு டீ இறங்காது. ரேசனும் பதிலுக்கு ஏதோ கத்தினான். கோர்ட்டில் அதைத்தான் முன்விரோதம் என்று எழுதிக்கொண்டார்கள். விரோதமெல்லாம் இல்லை. ஒரு ரோஷம். ராத்திரி தூங்கி எழுந்தால் போயிருக்கவேண்டியது, போகவில்லை, அவ்வளவுதான். மறுநாள் நஞ்சன் சிரித்துக்கொண்டே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான், ஆடுகிற அதே கையில் மறுநுனியைக் கொடுத்தான், இறங்கினான்.

பாறையில் இருக்கிற பேய் ரெண்டு தரந்தான் கூப்பிடும். சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்தது இது. உன் ஆத்தா குரலில் கூப்பிடும், அய்யன் குரலில் கூப்பிடும், ஆனால் மூன்றாவது தரம் கூப்பிட அதற்கு மூச்சுக் கிடையாது. அதனால் காட்டில் எவன் கூப்பிட்டாலும் மூன்றாவது சத்தத்துக்குத்தான் ஓ என்று குரல் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் கொடுத்தால் உயிரில் பாதியை அது கொண்டுபோய்விடும். நஞ்சன் கீழேயிருந்து, மச்சா, என்றான். ரேசன் பேசவில்லை. மச்சா, என்றான் மறுபடியும், குரலில் ஒரு அவசரம் இருந்தது. ரேசன் பேசவில்லை. முறைப்படிதான் இருந்தான். மூன்றாவது சத்தம் வரட்டும் என்று இருந்தான். ஆனால் கயிறு பிடிக்கிறவனுக்கு அந்த முறை இல்லையே. கயிறு கையில் துடிக்கும்போது கீழே இருப்பது மனுஷன்தான் என்று கைக்குத் தெரியுமே, முதல் சத்தத்துக்கே ஓ சொல்லலாமே, எல்லாரும் சொல்வார்களே. அவன் சொல்லவில்லை. கூப்பிடட்டும், இன்னொருதரம் கூப்பிடட்டும், ஆடுகிற கையைத் தேடட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இடது கை ஜோபிக்குள் பீடியைத் தேடிக்கொண்டிருந்தது. கீழே தேனீ கலைந்து முகத்தில் அப்பியது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்? ஓ என்று ஒரு குரல் கொடுத்திருந்தால், என்னடா என்று கேட்டிருந்தால், ஈ கலைஞ்சிருச்சு தூக்குடா என்றிருப்பான், ரெண்டு கையாலும் பிடித்திருப்பான். மூன்றாவது சத்தம் வரவில்லை. கயிறு ஒரு வெட்டு வெட்டி, மரத்தில் சுற்றியிருந்த ஒற்றைச் சுற்றையும் உருவிக்கொண்டு, உள்ளங்கைத் தோலையும் உரித்துக்கொண்டு போய்விட்டது. கையை விட்டானா, கயிறு போனதா? ரெண்டுக்கும் நடுவில் அந்தப் பேசாத வாய் இருக்கிறது. அதை எந்தச் சட்டத்தில் போட்டு எழுதுவார்கள்? யாரும் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. ஆனால் கீழே ஓடைக்கரையில் மருதி சட்டியோடு நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்குமா? அந்த ரெண்டு சத்தம் அவள் காதில் விழுந்திருக்குமா? கோர்ட்டுக் கூண்டில் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க என்றுதான் சொன்னாள். சொல்லும்போது அண்ணன் பக்கம் திரும்பவில்லை. கேட்காதவளாக இருந்தால் திரும்பியிருப்பாளே. இல்லை, அழுகையில் திரும்பாமல் இருந்திருப்பாள். இல்லை, கேட்டிருக்கிறாள்.

"வந்துட்டாரு," என்றான் மாதன். கிழவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். வேட்டி வெளுத்து, சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டு, ஜெயிலுக்கென்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். கூட வந்த ஹெட்வார்டர் கையில் கிழவரின் பை, அதைக் குடைந்து பார்த்துப் பாதியைக் கேட்டிலேயே எடுத்துவைத்துவிட்டார்கள். தீ கூடாது, அதனால் புகை கிடையாது. கத்தி கூடாது. வேரும் இலையும் போகட்டும் என்று விட்டார்கள். கயிற்றுக்குத்தான் பெரிய சண்டை போலிருக்கிறது. மரநாரில் திரித்து மஞ்சத்தண்ணியில் ஊறவைத்த கயிறு, அதன் ஒரு நுனியை வைத்தியக்காரன் பிடித்துக்கொண்டு குடிசைக்குள் உட்காருவான், மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நோயாளி வாசலுக்கு அப்பால் உட்காருவான், பயந்து ஓடிய உயிர் அதன் வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். ஜெயிலுக்குள் கயிறா என்று ஜெயிலர் ஒரேயடியாக மறுத்துவிட்டாராம். மேடம் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் ஒரு முழத்துக்குச் சம்மதித்திருக்கிறார், ஒரு முழத்தில் எவனும் தூக்குப் போட்டுக்கொள்ள முடியாதாம். ஒரு முழம். ரேசன் அதைக் கண்ணால் அளந்தான். கிழவர் ஏதாவது அறை இருட்டுக்குள் இருப்பார், தான் வெளியே தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன், முகம் பார்க்கவேண்டியதில்லை என்று இத்தனை நாள் அதையே தைரியமாக வைத்திருந்தான். ஒரு முழத்தில் எதிரே உட்கார்ந்தால் மூச்சுக்காற்றே மேலே படும்.

மாதனுக்கு முதலில் பார்த்தார். வேரை உரசித் தண்ணீரில் விட்டுக் குடிக்கவைத்தார், கயிற்றைக் கையில் கொடுத்தார், மாதா என்று ஒருதரம், மாதா என்று இன்னொருதரம், மூன்றாவது மாதா என்னும்போது சட்டென்று இழுத்தார். மாதன், ஓ, என்று ஹால் அதிரக் கத்தினான். வாசலில் நின்ற வார்டர் சிரித்துவிட்டான். சிரித்தவன் நிறுத்திக்கொண்டான், ஏனென்றால் வாயாடி மாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேடம் பிளாஸ்டிக் சேரில் நுனிக்கு வந்துவிட்டாள். பாவம், எவ்வளவு நல்ல மனுஷி. இப்போதாவது சொல்லிவிடு. வாயைத் திற. ரேசன் வாயைத் திறந்தான். கிழவர் அவனைப் பார்த்தார். அது வரைக்கும் அவன் இருந்த பக்கமே திரும்பாமல் இருந்தவர், இப்போது நேராகப் பார்த்தார். தெரிந்துதான் வந்திருக்கிறார். எந்த ஜெயில், எந்த ஆள் என்று தெரிந்து, எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்திருக்கிறார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"வா," என்றார்.

எழுந்து போய் எதிரே உட்கார்ந்தான். முழங்காலும் முழங்காலும் இடித்தன. கிழவரிடமிருந்து வெற்றிலையும் ஈரமண்ணும் கலந்த வாசனை வந்தது, பதி வாசனை, அதை மறந்துவிட்டதாக நினைத்திருந்தான். நஞ்சனுக்கு அய்யனின் மூக்கு என்று யாரும் இவனிடம் சொன்னதில்லை. சாடையெல்லாம் வயசானால்தான் எழும்பும் போலிருக்கிறது. நஞ்சன் கிழவனாகி வந்து எதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது. கிழவர் அவன் வலது கையைத் தூக்கித் திருப்பினார். உள்ளங்கையில் கயிறு உரித்துப்போன தழும்பு குறுக்கே ஓடியது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து ஒருதரம் நீவினார், சூடு பார்க்கிற மாதிரி. அப்புறம் கயிற்றின் நுனியை அதில் வைத்தார். விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. இது பகல், இவன் விழித்திருக்கிறான், இருந்தும் மூடிக்கொண்டன. பிரிக்கப் பார்த்தான், வரவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லையே, மாதனுக்குக் கொடுத்தாரே, மறந்துவிட்டாரா, கொடுக்க மனசில்லையா? இனிப் பேரைச் சொல்லவேண்டும். இறக்கி வைத்த பேரை எப்படிச் சொல்லுவார்? சொன்னால் பதியில் இவரையும் ஒதுக்கிவிடுவார்களே. சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவார்? ஏய் என்பாரா? அந்த ஆளே என்பாரா?

"நஞ்சா," என்றார் கிழவர்.

மேடம் குனிந்து, மெதுவாக, "ஐயா, இவர் பேரு ரேசன். உங்க மருமகன்தானே?" என்றாள். "தெரியுங்க தாயி," என்றார், திரும்பாமல். ரேசனுக்குக் காதுக்குள் ஈ பறக்கிற மாதிரி இரைந்தது. மகனைக் கூப்பிடுகிறார். என் வழியாக மகனைக் கூப்பிடுகிறார், இந்த ஒரு முழக் கயிற்றில் அவன் எப்படி ஏறி வருவான்? பேசக் கூடாது. முதல் சத்தத்துக்குப் பேசக் கூடாது. இது என் பேரே இல்லை, மூன்றாவது சத்தத்துக்கும் பேசக் கூடாது. பேசினால் பாதி உயிர் போய்விடும். கிழவர் கயிற்றை லேசாக இழுத்தார். கயிறு துடித்தது. கீழே இருப்பது மனுஷன்தான் என்று கைக்குத் தெரிந்தது.

"நஞ்சா," என்றார் ரெண்டாவது தரம். அந்தக் குரலிலும் அதே அவசரம் இருந்தது.

அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடம் ரேசனுக்குத் தெரிந்த இடம். அதில்தான் அவன் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறான். மூன்றாவது சத்தம் வரட்டும், அதுதான் முறை, யாரும் குறை சொல்ல முடியாது, கயிறு ஆடுகிறது, பீடி எங்கே, வரட்டும், மூன்றாவது வரட்டும். வராது. வராது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டுந்தான் தெரியும். அவன் தொண்டையிலிருந்து அவனுக்கே அடையாளம் தெரியாத ஒரு சத்தம் கிளம்பியது.

"ஓ."

மாதன் வாயைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது சத்தத்துக்கு முந்தி ஓ சொன்னவனை அவனும் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. கிழவர் முன்னால் குனிந்தார். இவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"ரெண்டாவது சத்தத்துக்கே ஓ சொல்ற வாய் உனக்கு இருந்திருக்குதேடா."

மருதிக்குக் கேட்டிருக்கிறது, கேட்டதை இவரிடம் சொல்லியும் இருக்கிறாள். ரேசன் தலையை ஆட்டினான். இருந்ததுங்க மாமா, அன்றைக்கும் இருந்தது. சொல்ல வாயெடுத்தான், தேம்பித் தேம்பி அழுகைதான் வந்தது. வார்டர் ஒரு அடி முன்னால் வந்தான், மேடம் கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து போய்விடுவார், இப்போது கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார் என்று ரேசன் காத்திருந்தான். போகட்டும், அதுதான் நியாயம். கிழவர் எழுந்திருக்கவில்லை. கயிற்றைத் தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டார், இடது கையையும் கொண்டுவந்து மேலே வைத்து, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு மூன்றாவது தரம் கூப்பிட்டார்.

"ரேசா."

பதிக்காரர் வாயால் அந்தப் பேரைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. ஓ என்று சொல்லவேண்டும், இப்போது சொல்லலாம், முறையும் இருக்கிறது, பேரும் தன்னுடையதுதான். குரல் எழும்பவில்லை. உதடு பிரிந்தது, காற்றுத்தான் வந்தது. கிழவர் கயிற்றை விடாமல் காத்துக்கொண்டிருந்தார்.